யோர்தானும் மகாவலியும்

(வாசகங்கள்: எசேக்கியேல் 34:17-19, மத்தேயு 3:13-17)



ஆண்டவருடைய ஞானஸ்நானத் திருநாளிலே நமது கண்கள் யோர்தான் நதிக்கரையை நோக்குகின்றன. நாசரேத்தூரில் மறைந்து வாழ்ந்த நம் ஆண்டவர், தமது பகிரங்க வாழ்வைத் தொடங்கும் நாள் வந்தபோது ஓர் ஆற்றைத் தேடிப் போனார். பாவிகளோடு ஒருவராய் நின்றார். ஸ்நாபக அருளப்பர் தயங்கித் தடுத்தும் நீருக்குள் இறங்கினார். அவரைச் சுத்திகரிக்க அந்த நீரால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. அவர் இறங்கியதனால் நீரே பரிசுத்தமடைந்தது என்று திருச்சபையின் பிதாக்கள் போதித்தார்கள்.

அன்று அவர் பரிசுத்தமாக்கிய நீர் இன்று நமது ஆலயத்தின் ஞானஸ்நானத் தொட்டியில் இருக்கிறது. அந்த நீர் தொட்டிக்கு எங்கிருந்து வந்தது என்று என்றாவது எண்ணிப் பார்த்திருக்கிறோமா? குழாயில் வருகிறது என்போம். குழாய்க்கு எங்கிருந்து வருகிறது? கெட்டம்பேயிலும் கட்டுகஸ்தோட்டையிலும் மகாவலி கங்கையிலிருந்து இறைத்துச் சுத்திகரித்து அனுப்பப்படுகிறது. கண்டி மாநகரிலும் சுற்றுப்புறத்திலும் பிறந்த நமது பிள்ளைகளில் எத்தனையோ பேர் மகாவலி நீரிலேதான் ஞானஸ்நானம் பெற்றார்கள். நமக்கு யோர்தான் மகாவலியே.

பாட்டியின் கேள்வி

2025-ஆம் ஆண்டு நவம்பர் மாதக் கடைசியில் டித்வா புயல் நமது நாட்டைத் தாக்கியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். கண்டி மாவட்டம் மிகக் கடுமையாக அடிபட்டது. இரவோடிரவாக மலைகள் சரிந்து வீடுகளை மூடின. மகாவலி கரை புரண்டு ஓடியது. குழாய்கள் பல நாட்கள் வறண்டு கிடந்தன.

அதன் பின்னர் ஒரு சிறிய பங்கில் குழந்தையொன்றுக்கு ஞானஸ்நானம் கொடுக்கப் போயிருந்தேன். குழாயில் வந்த நீர் இன்னும் கலங்கலாகவே இருந்தது. கோயிற் பிள்ளை அதை வெள்ளைத் துணியில் வடிகட்டித் தொட்டியில் ஊற்றினார். குழந்தையின் பாட்டி அருகே வந்து எட்டிப் பார்த்தார். தோட்டத்தில் கொழுந்து பறித்தே வாழ்நாளைக் கழித்த தாய் அவர்.

"சாமி, இந்தத் தண்ணியையா பிள்ளை தலையில ஊத்தப் போறீங்க?" என்று கேட்டார்.

"கலங்கினாலும் தண்ணீர் தண்ணீர்தானே அம்மா. ஞானஸ்நானம் செல்லும்" என்றேன்.

"செல்லும் சாமி, எனக்குத் தெரியும். ஆனா பெரியவங்க நாம எல்லாருமாச் சேர்ந்து அழுக்காக்கிட்டு, ஒரு பாவமும் அறியாத பிள்ளை தலையில ஊத்துறோமே" என்றார்.

நான் பதில் பேசவில்லை. திருச்சபைச் சட்டத்தின்படி நான் சொன்னது சரி. ஆயினும் அந்தத் தாய் கேட்டது சட்டத்துக்கு அப்பாற்பட்ட கேள்வி. சட்டத்தின்படி செல்லுபடியாகும் ஒரு காரியத்திலும் கடவுள் முன்னிலையில் நாம் தலை குனிய வேண்டிய நிலை வரலாம். ஓர் ஆற்றைச் சட்டத்தினால் காப்பாற்ற முடியுமா என்று பலரும் பேசும் இந்நாட்களில் அந்தக் கேள்வி என் உள்ளத்தை விட்டு அகலவில்லை. இன்று உங்களோடு அதையே தியானிக்க விரும்புகிறேன்.

கடவுள் தந்த கங்கை

மகாவலி நமது தீவின் மிக நீண்ட நதி. அதன் நீளம் 335 கிலோமீற்றர். ஹோட்டன் சமவெளியிலும் ஹட்டன் மலைகளிலும் பிறக்கும் ஓடைகள் ஒன்று சேர்ந்து, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் பேராதனைக்கு வந்து, கண்டி நகரை ஒரு தாய் பிள்ளையை இடுப்பில் அணைப்பதுபோல் வளைத்துக்கொண்டு, கட்டுகஸ்தோட்டை, பொல்கொல்லை, தென்னக்கும்புரை என்று சுற்றிப் போகிறது. பின்பு மலையிறங்கிக் கீழ்ச் சமவெளிகளுக்கு நீர் வார்த்து, திருகோணமலைக்குத் தெற்கே மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது. தீவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கின் மழைநீர் இந்த ஒரே கங்கையில் வந்து சேர்கிறது.

பொல்கொல்லையில் 1976-இல் கட்டப்பட்ட அணையிலிருந்து நீரின் ஒரு பகுதி மலையைக் குடைந்த சுரங்கவழியே உக்குவளைக்குப் போய் மின்சாரம் தந்து, வடக்கேயுள்ள வரண்ட நிலங்களுக்கு ஓடுகிறது. 1985-இல் கொத்மலை, விக்டோரியா அணைகள் திறக்கப்பட்டன. 122 மீற்றர் உயரமான விக்டோரியா அணை நாட்டிலேயே மிக உயர்ந்தது. நமது வீட்டு விளக்கு, பொலன்னறுவை விவசாயியின் வயல், நமது அடுப்பில் கொதிக்கும் உலை, பிள்ளையின் நெற்றியில் விழும் ஞானஸ்நான நீர் யாவும் இந்த ஒரு நதியின் கொடை. ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரத்திலே, ஏதேன் தோட்டத்துக்கு நீர் பாய்ச்ச ஒரு நதி புறப்பட்டு நான்கு கிளைகளாகப் பிரிந்தது என்று வாசிக்கிறோம். கடவுள் மனிதனைக் குடிவைத்த இடத்தில் நதியையும் வைத்தார். அந்தத் தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் மனிதனிடம் ஒப்படைத்தார். பண்படுத்துவதை நாம் நன்றாகக் கற்றுக்கொண்டோம். காக்கும்படி சொன்னதை மறந்துபோனோம்.

காலால் கலக்கிய நீர்

இன்றைய முதல் வாசகத்தில் எசேக்கியேல் தீர்க்கதரிசி கடவுளின் பெயரால் கொழுத்த ஆடுகளைக் கண்டிக்கிறார். தெளிந்த நீரை நீங்கள் வயிறார அருந்திவிட்டு, மீதியைக் காலால் மிதித்துக் கலக்குகிறீர்களே, பின்னால் வரும் ஏழை ஆடுகள் உங்கள் கால் பட்ட நீரையா அருந்த வேண்டும் என்பது அவருடைய கேள்வியின் கருத்து. கவனியுங்கள்: நீர் குடித்ததற்காகக் கடவுள் அவற்றைக் கண்டிக்கவில்லை. பின்னால் வருபவரை நினையாமல் கலக்கியதற்காகவே கண்டிக்கிறார்.

மகாவலிக்குக் கண்டியில் என்ன நேர்ந்தது என்று பாருங்கள். கொஹாகொடையில் நகரத்துக் குப்பை ஆண்டுக்கணக்காக மலைபோல் குவிக்கப்பட்டு, மழை பெய்யும்போது அதன் கசிவு அருகேயுள்ள ஆற்றை நாடி ஓடியது. கண்டி ஏரியிலிருந்து புறப்பட்டு நகரின் நடுவே ஓடும் மெத எல, கடைகளின் கழிவையும் வீடுகளின் அழுக்கையும் சுமந்துகொண்டு கெட்டம்பேப் பக்கத்தில் மகாவலியில் கலக்கிறது. கட்டடம் கட்டுவோருக்காக ஆற்று மணலை அளவின்றி அள்ளியதால் கரைகள் இடிந்தன. மேலே மரக்கறித் தோட்டங்களில் தெளிக்கும் மருந்தும் உரமும் மழையோடு இறங்கி வருகின்றன. மரமில்லாத சரிவுகளில் மண் கரைந்து நீர்த்தேக்கங்களின் அடியில் படிகிறது. இவற்றில் எந்த ஒன்றையும் ஒரு பகைவன் வந்து செய்யவில்லை. கொழுத்த ஆடுகளும் நாமே, கலங்கிய நீரைக் குடிக்கும் மெலிந்த ஆடுகளும் நாமே.

புயலும் மழையும் இயற்கையின் செயல் என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் வேரோடு மரம் நின்ற மலை தாங்கும் மழையை, வெட்டி மொட்டையாக்கிய மலை தாங்காது. மழையை அனுப்புவது நம் கையில் இல்லை. மலையை எந்த நிலையில் வைத்திருக்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது.

சட்டம் என்ற வேலி

இதைத் தடுக்கச் சட்டமே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு, நிறையவே உண்டு.

வெள்ளையர் காலத்திலேயே இந்த எண்ணம் தோன்றியது. கோப்பிக்காக மலைக்காடுகள் வேகமாக அழிக்கப்பட்டபோது, 1873-இல் சேர் ஜோசப் ஹூக்கர் என்ற தாவரவியல் அறிஞரின் ஆலோசனையின்படி, 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழிக்கலாகாது என்று அன்றைய அரசு தடுத்தது. ஹோட்டன் சமவெளியிலும் சிவனொளிபாத மலைக்காட்டிலும் இன்றும் மேகம் தங்கி நீர் சொட்டுவதற்கு அந்தத் தடை ஒரு காரணம். ஒரு நல்ல கட்டளை, அதைப் போட்டவர்கள் போன பின்னும் நூற்றைம்பது ஆண்டுகளாக நமக்கு நீர் தந்துகொண்டிருக்கிறது.

சுதந்திரத்தின் பின் 1951-இல் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1979-இன் 23-ஆம் இலக்க மகாவலி அதிகாரசபைச் சட்டம் முக்கியமாக ஆற்றைப் பயன்படுத்துவதற்கென்றே எழுந்தாலும், தன் பிரதேசத்தின் இயற்கைச் சூழலைப் பேணும் கடமையையும் அந்தச் சபைமேல் வைத்தது. 1980-இன் 47-ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டமும், 1988-இல் அதற்குச் செய்த திருத்தமும், கழிவை வெளிவிடும் தொழிற்சாலைகள் அனுமதிப்பத்திரம் பெற வேண்டும் என்று வகுத்தன. விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே நீர்த்தேக்கங்களைச் சூழ்ந்த பிரதேசம் 1987-இல் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. மணல் அகழ்வதற்கு 1992-ஆம் ஆண்டின் சட்டப்படி அனுமதி வேண்டும். கண்டிக்கு மேலே நிற்கும் ஹந்தானை மலை 2010-இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. மாகாண சபைகள் ஏற்பட்ட பின்னரும், ஒரு மாகாணத்துக்கு மேல் பாயும் ஆறுகளின் நீர்ப்பாசனத் திட்டங்கள் மத்திய அரசின் பொறுப்பிலேயே விடப்பட்டன. மேலே இருப்பவர் கீழே இருப்பவரை மறந்துவிடலாகாது என்பதே அதன் நியாயம்.

பிற நாடுகள் இன்னும் ஒரு படி மேலே போயின. அமெரிக்காவில் 1968 ஒக்டோபர் 2-ஆம் திகதி ஜனாதிபதி ஜோன்சன் கையொப்பமிட்ட சட்டம், எட்டு ஆறுகளைத் தெரிந்தெடுத்து, அவை அணையின்றித் தம் போக்கில் ஓடவேண்டும், அவற்றின் கரைகளும் காக்கப்படவேண்டும் என்று மத்திய அரசின் பாதுகாப்பில் வைத்தது. இன்று இருநூறுக்கு மேற்பட்ட ஆறுகள் அந்தப் பட்டியலில் உள்ளன. நியூசிலாந்தில் மாவோரி மக்கள் தலைமுறை தலைமுறையாகப் போராடியதன் பலனாக, 2017-இல் வங்கனுயி ஆறு சட்டத்தின் கண்ணில் ஒரு ஆளாகவே ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதற்காகப் பேச இரண்டு பாதுகாவலர்கள் நியமிக்கப்படுகிறார்கள். ஒருவர் அரசின் சார்பில், ஒருவர் அந்த மக்களின் சார்பில். அதே ஆண்டில் இந்தியாவின் உத்தரகண்ட் உயர் நீதிமன்றம் கங்கைக்கும் யமுனைக்கும் அத்தகைய அந்தஸ்தைக் கொடுத்தது. ஆனால் சில மாதங்களில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது.

மகாவலிக்கும் அப்படி ஒரு முழுமையான பாதுகாப்பு வேண்டும் என்று கேட்பது நியாயமே. இன்றுள்ள சட்டங்கள் பல கைகளில் சிதறிக் கிடக்கின்றன. மண்ணுக்கு ஒரு திணைக்களம், மணலுக்கு ஒன்று, காட்டுக்கு ஒன்று, குப்பைக்கு ஒரு சபை. மலையுச்சியிலிருந்து கடல்வரை ஆற்றை ஒன்றாகப் பார்த்துக் காக்கும் சட்டம் வருமானால் கிறிஸ்தவர்கள் அதற்கு முதல் ஆதரவாளராக இருக்க வேண்டும். சட்டம் பலவீனரின் வேலி. வேலி இல்லாத தோட்டத்தில் வலியவன் மாடு மேயும்.

நமது மக்களின் அச்சம்

ஆனால் நமது மக்கள் 'சட்டம்' என்ற சொல்லைக் கேட்டவுடன் ஏன் அஞ்சுகிறார்கள் என்பதையும் நான் அறிவேன். மலைநாட்டுத் தமிழர் சட்டத்தின் நன்மையைக் காணுமுன் அதன் கொடுமையைக் கண்டவர்கள். 1948-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், இந்த மலைகளைத் தேயிலைத் தோட்டமாக்கிய லட்சக்கணக்கானோரை ஒரே நாளில் நாடற்றவராக்கியது. அந்தக் காயம் முழுதாகத் தீர 2003-ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே ஆற்றங்கரை ஒதுக்கு நிலம் என்றும் பாதுகாப்புப் பிரதேசம் என்றும் அறிவித்தல் வரும்போது, "எங்கள் லயத்தை உடைக்கப் போகிறார்களா? எங்கள் தகரக் கொட்டிலைப் பிடுங்கப் போகிறார்களா?" என்று ஏழை கேட்பது வீண் பயமல்ல.

இதே கங்கைக்காக ஏற்கனவே வீடிழந்தவர்களும் நம்மிடையே உண்டு. விக்டோரியா அணை நிரம்பியபோது பழைய தெல்தெனிய நகரம் நீரில் மூழ்கியது. வயலும் வீடும் கோயிலும் கல்லறையும் நீருக்கடியில் போயின. கோடையில் நீர் வற்றும்போது பழைய சுவர்கள் தலை காட்டினால், அந்நாளைய மக்கள் கரையில் நின்று பார்த்துக் கண்ணீர் விடுகிறார்கள். ஆற்றுக்காகப் பேசுகிற நாம் அந்தக் கண்ணீரையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இராஜாக்களின் ஆகமத்திலே நாபோத்தின் கதையை நினைவுகூருங்கள். ஆக்காபு மன்னன் ஏழையின் திராட்சைத் தோட்டத்தை விரும்பினான். அவன் மனைவி வாளை எடுத்து வரவில்லை. முத்திரையிட்ட கடிதம் எழுதினாள், சபையைக் கூட்டினாள், சாட்சிகளை நிறுத்தினாள். எல்லாம் சட்டப்படியே நடந்தது; குற்றமற்றவன் கல்லால் எறியுண்டு செத்தான். ஆகவே சட்டத்தின் பெயரால் நடப்பதெல்லாம் நீதியல்ல. ஆற்றங்கரையில் தகரக் கொட்டில் கட்டிய கூலியாளை ஒரே வாரத்தில் அகற்றிவிட்டு, அதே கரையில் மாடி விடுதி கட்டிய செல்வந்தனுக்கு ஆண்டுக்கணக்கில் தவணை கொடுக்கும் சட்டம், ஆற்றைக் காக்கும் சட்டமாகாது. பாதுகாப்பான மேட்டு நிலத்தில் ஒரு துண்டுக் காணியும் ஒரு வீடும் கொடுத்த பின்பே ஏழையை ஆற்றோரத்திலிருந்தும் சரியும் மலையிலிருந்தும் எழுந்திருக்கச் சொல்ல வேண்டும். புயலில் புதையுண்டவர்கள் விருப்பப்பட்டா அந்தச் சரிவில் குடியிருந்தார்கள்? வேறிடம் இல்லாமல் இருந்தார்கள்.

2015-ஆம் ஆண்டு பாப்பரசர் பிரான்சிஸ் படைப்பைப் பேணுவது பற்றி உலகுக்கு ஒரு நிருபம் எழுதினார். பூமியின் அழுகுரலையும் ஏழையின் அழுகுரலையும் பிரித்துக் கேட்க முடியாது என்பது அதன் மையப் போதனை. சுத்தமான குடிநீர் ஒவ்வொரு மனிதனுடைய அடிப்படை உரிமை என்றும் அவர் கற்பித்தார். ஆற்றைக் காக்கிறோம் என்று ஏழையை மிதிப்பவனும், ஏழைக்காகப் பேசுகிறேன் என்று ஆற்றை நாசமாக்குபவனும் அந்தப் போதனையில் பாதியைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

சட்டம் செய்ய முடியாதது

பிரியமானவர்களே, நல்ல சட்டம் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்பொழுது ஆறு பிழைத்துவிடுமா?

அர்ச். சின்னப்பர் கலாத்தியருக்கு எழுதும்போது, சட்டம் பிள்ளையைக் கைபிடித்து நடத்தும் கண்காணிப்பாளனைப் போன்றது என்கிறார். அது வழி காட்டும், தவறினால் அதட்டும். பிள்ளையின் உள்ளத்தில் அன்பை ஊட்ட அதனால் முடியாது. மேற்சொன்ன சட்டங்கள் எல்லாம் நூலில் இருந்தபோதேதான் மகாவலி இந்த நிலைக்கு வந்தது. நடுச்சாமத்தில் பாலத்தில் நின்று பொலித்தீன் பையை ஆற்றுக்குள் எறிபவனைப் பிடிக்க ஒவ்வொரு பாலத்திலும் பொலிஸ்காரரை நிறுத்த முடியாது. அங்கே நிற்கக்கூடிய காவலாளி ஒருவர்தான்: அவனுடைய மனச்சாட்சி.

மனச்சாட்சிக்கு ஆற்றைப் பற்றி எந்தக் கட்டளை உண்டு? புதிதாக ஒன்றும் வேண்டியதில்லை. உன்னை நேசிப்பதுபோல் உன் அயலானையும் நேசி என்ற கட்டளையே போதும். என் அயலான் யார் என்று ஒரு சட்ட அறிஞன் ஆண்டவரைக் கேட்டான். ஆண்டவர் நல்ல சமாரியனின் உவமையைச் சொன்னார். மகாவலிக் கரையில் நின்று அதே கேள்வியை நாம் கேட்டால் விடை இதுவே: உனக்குக் கீழே அந்த நீரை அருந்தப் போகிறவன் உன் அயலான்.

கம்பளையிலுள்ளவர்களுக்குப் பேராதனையார் அயலார். கண்டியிலுள்ள நமக்கு மகியங்கனையாரும் பொலன்னறுவையாரும் மூதூராரும் அயலார். அங்கே சிங்களவர் உண்டு, முஸ்லிம்கள் உண்டு, தமிழர் உண்டு. விகாரைக்குப் போகிறவர், பள்ளிவாசலுக்குப் போகிறவர், கோயிலுக்குப் போகிறவர் எல்லாரும் நாம் அனுப்பும் நீரையே எதிர்பார்த்திருக்கிறார்கள். முப்பதாண்டுப் போர்க்காலத்திலும் இந்தக் கங்கை ஒரு பக்கத்தாருக்கென்று நின்றுவிடவில்லை. யூதனும் சமாரியனும் ஒரே கிணற்றில் நீரருந்தத் தயங்கிய காலத்தில், நம் ஆண்டவர் சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டார். நமது அயலாரின் முகத்தை நாம் பார்க்க மாட்டோம், பெயரையும் அறிய மாட்டோம். முகமறியாதவனை நேசிப்பதே இங்கே நம்மிடம் கேட்கப்படும் அன்பு.

யோர்தானையும் ஒருகணம் திரும்பிப் பாருங்கள். நம் ஆண்டவர் இறங்கிய அந்த நதியின் நீரில் மிகப்பெரும் பகுதியைச் சுற்றியுள்ள நாடுகள் மேலேயே திருப்பிவிட்டன. அவர் ஞானஸ்நானம் பெற்றதாக நம்பப்படும் இடத்தில் இன்று ஒடுங்கிய, மங்கலான ஒரு நீரோட்டமே தெரிகிறது. அதைக் காணப்போகும் யாத்திரிகர்கள் இவ்வளவுதானா என்று திகைக்கிறார்கள். உலகமே போற்றும் புண்ணிய நதிக்கு அப்படி நேருமானால், மகாவலிக்கு நேராது என்று யார் உறுதி சொல்லக்கூடும்?

நாம் செய்யக்கூடியவை

கேட்டுவிட்டுக் கலைந்து போவதால் பயனில்லை. மூன்று காரியங்களை உங்கள் குடும்பங்களின் முன் வைக்கிறேன்.

முதலாவது, வீட்டில். இன்றிரவு செபமாலைக்குப் பின் தாயும் தகப்பனும் பிள்ளைகளும் உட்கார்ந்து ஒரு கேள்வி கேளுங்கள்: நமது வீட்டுத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, நமது வீட்டுக் கழிவு எங்கே போகிறது? மலசலகூடத்தின் குழி ஓடைக்கு அருகே இருக்கிறதா? குப்பையை வகை பிரித்துக் கொடுக்கிறோமா, இருட்டில் கால்வாயில் தட்டிவிடுகிறோமா? பீலித் தண்ணீரில் உடுப்புத் தோய்க்கும்போது சவர்க்கார நீர் அடுத்த லயத்தார் குடிக்கும் இடத்துக்கு ஓடுகிறதா? மரக்கறித் தோட்டம் வைத்திருப்பவர்கள் மருந்துப் போத்தலை ஓடையில் கழுவுகிறார்களா? இவை சிறிய கேள்விகள். ஆறும் சிறிய ஓடைகள் சேர்ந்து உண்டானதே.

இரண்டாவது, பாவசங்கீர்த்தனத் தொட்டியில். பொய், கோபம், திருப்பலி தவறியது ஆகியவற்றைச் சொல்கிறோம். இத்தனை ஆண்டுகளில் "சுவாமி, நான் பிறர் குடிக்கும் நீரை அழுக்காக்கினேன்" என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. களவெடுப்பது பாவமென்றால், பின்னால் வருபவனுடைய தெளிந்த நீரை எடுத்துக்கொண்டு அழுக்கு நீரை விட்டுவைப்பதும் களவே. நோயாளியையும் குழந்தையையும் அந்த நீர் கொல்லுமானால், அது ஐந்தாம் கட்டளையையும் தொடுகிறது. ஆத்தும சோதனையில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஊரில். பங்குச் சபைகளும் வாலிபர் கழகங்களும் மாதர் சங்கமும் பிற மதத்தாரோடு கைகோத்து, ஓர் ஓடையை, ஒரு கரையைத் தங்கள் பொறுப்பாக எடுக்கட்டும். கரையோரம் மூங்கிலும் கும்புக்கு மரமும் நடட்டும். சட்டத்தை மீறிக் கழிவு விடப்படும்போது மாநகரசபைக்கும் பிரதேச சபைக்கும் சுற்றாடல் அதிகாரிகளுக்கும் கையெழுத்திட்டு எழுதட்டும். ஏழைக் குடும்பத்தை மாற்றிடமின்றி அகற்ற வந்தால் அதற்கும் அதே கையெழுத்தோடு எழுதட்டும். வாக்குக் கேட்டு வருபவர்களிடம் பாதையும் பாலமும் கேட்கிறோம். ஆற்றுக்கு என்ன செய்யப் போகிறீர்கள், சரிவில் வாழும் எங்களுக்குக் காணி எப்போது தருவீர்கள் என்று ஒரே மூச்சில் கேட்போம்.

போஞ்சு பிலாத்து நீதியைச் செய்ய அதிகாரம் இருந்தும் செய்யாமல் தண்ணீர் வாங்கிக் கைகழுவினான். அவன் கை சுத்தமானது, நீர்தான் அழுக்கானது. அதிகாரிகள் பார்த்துக்கொள்ளட்டும் என்று நாமும், மக்கள் திருந்தட்டும் என்று அதிகாரிகளும் சொல்லிக்கொண்டிருந்தால், எல்லாருமாக மகாவலியில் கைகழுவுகிறோம் என்பதே பொருள்.

எசேக்கியேல் தீர்க்கதரிசி காலால் கலக்கிய நீரோடு தன் நூலை முடிக்கவில்லை. நாற்பத்தேழாம் அதிகாரத்தில் வேறொரு காட்சி காண்கிறார். தேவாலயத்தின் வாயிற்படியின் கீழிருந்து நீர் கசிகிறது. அது கணுக்கால் அளவாகி, முழங்கால் அளவாகி, நீந்திக் கடக்க முடியாத ஆறாகிறது. போகும் இடமெல்லாம் உயிர் தழைக்கிறது. கரையில் நிற்கும் மரங்களின் இலை வாடுவதில்லை, செத்த கடலும் பிழைக்கிறது. அந்த ஆறு ஆலயத்திலிருந்து புறப்பட்டது என்பதைக் கவனியுங்கள். நமது ஆலயங்களிலிருந்து மகாவலிக்கு என்ன போய்ச் சேரப்போகிறது? திருநாள் முடிந்தபின் வீதியில் கிடக்கும் பொலித்தீனும் பிளாஸ்டிக் போத்தலுமா? அல்லது, ஞானஸ்நானம் பெற்றதை நினைவில் வைத்திருக்கும் மக்களா?

அந்தக் குழந்தைக்கு அன்று ஞானஸ்நானம் கொடுத்தேன். வடிகட்டிய நீரைக் கையில் அள்ளி, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே ஊற்றினேன். பாட்டி சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். அந்தக் குழந்தை வளர்ந்து தன் பிள்ளையைக் கையிலேந்தி அதே தொட்டிக்கு வரும் நாளில், துணியால் வடிகட்டத் தேவையில்லாத நீர் அங்கே இருக்க வேண்டும். அதற்கு நாடு நல்ல சட்டம் இயற்றட்டும். அச்சட்டம் ஏழைக்கும் செல்வந்தனுக்கும் ஒன்றாக நிற்கட்டும். அதை நம் உள்ளத்தில் எழுதும் வேலையைப் பரிசுத்த ஆவியானவர் செய்வாராக.

ஆற்றில் இறங்கி நீரைப் பரிசுத்தமாக்கிய ஆண்டவரே, நாங்கள் அழுக்காக்கிய நீருக்காக எங்களை மன்னியும். மலைச்சரிவில் மடிந்த எங்கள் சகோதரருக்கு நித்திய இளைப்பாற்றி தந்தருளும். எங்களுக்குக் கீழே தாகத்தோடு காத்திருக்கும் முகமறியாத அயலாரை நேசிக்கும் இதயத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.